எட்டரை வோல்ட்டா, ஆறு வோல்ட்டா?

(தாம்பரத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை மின்ரயிலில் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அறையில் பாதிக் கைகளாவது உயரும். பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் என்று எங்கே ஏறியிருந்தாலும் வழியில் அந்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 25,000 வோல்ட், அபாயம். தினமும் பார்ப்பதால் அதை நாம் யோசிப்பதில்லை. ஆனால் ஒரு மாணவர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "சார், மாறுதிசை மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு தடவை சுழிக்கு வந்து போகுதுன்னு சொன்னீங்க. அப்போ இந்த 25,000 எந்த நேரத்து அளவு?"

1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அன்று மேல்கம்பியில் இருந்தது 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம். எப்போது அளந்தாலும் 1500-ஐ ஒட்டியே இருக்கும். 1960களின் பிற்பகுதியில் அதே பாதை 25,000 வோல்ட் மாறுதிசைக்கு மாறியது. இன்று அந்தக் கம்பியில் மின்னழுத்தம் உச்சத்தில் 35,000 வோல்ட்டைத் தாண்டுகிறது, சுழிக்கும் வருகிறது. பலகையில் உள்ள 25,000 என்பது, அதே மின்தடையில் அதே வெப்பத்தை உண்டாக்கக்கூடிய நேர்திசை மின்னழுத்தம். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் சராசரி இருமடிமூல மதிப்பு, பயனுறு மதிப்பு, ஆர்.எம்.எஸ். என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

இது எனக்குத் தெரியும் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது 0.707 என்ற ஒரு எண் மட்டுமே. அதைத் தெரிந்துகொண்ட கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். அதில் தப்பு முழுக்க என்னுடையது.

என் வகுப்பில் முடிச்சூரிலிருந்து வரும் ஒரு மாணவி இருந்தார். வீட்டில் பாட்டி கோழி வளர்ப்பவர். அடைகாக்காத கோழியின் முட்டைகளைப் பொரிக்க வைக்க ஒரு பெட்டி செய்கிறேன், அறிவியல் கண்காட்சிக்கு அதையே வைக்கலாமா என்று கேட்டார். தெர்மாகோல் பெட்டி, உள்ளே 10 ஓம் வருமாறு நறுக்கிய நிக்ரோம் கம்பி, பழைய யு.பி.எஸ்.ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பநிலை வேண்டும். பேட்டரியை நேராகக் கொடுத்தால் கம்பி 14.4 வாட் எடுக்கும். பெட்டி சூடேறி முட்டை வெந்துவிடும். அதனால் ஒரு ஆர்டுயினோ பலகையையும் ஒரு மாஸ்ஃபெட்டையும் வைத்து மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்தார். நான்கில் ஒரு பங்கு நேரம் 12 வோல்ட், மீதி நேரம் ஒன்றுமில்லை. ஒரு நொடிக்குச் சுமார் 490 தடவை. இதற்குத்தான் துடிப்பு அகலப் பண்பேற்றம், சுருக்கமாக பி.டபிள்யூ.எம்., என்று பெயர். ஸ்கூட்டர் மோட்டாரிலும், மங்கலாக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கிலும் நடப்பது இதுதான். பழைய மின்ரயில்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த இடையில் மின்தடைகளைச் சேர்ப்பார்கள். அதில் மின்சாரம் வெப்பமாக வீணாகும். இப்போதைய மூன்று கட்ட மோட்டார் ரயில்களில் அந்த வேலையைச் செய்வது இதே வகைத் துடிப்புகள்தான்.

கம்பியை எரித்துவிடக் கூடாதே என்று அந்த மாணவி முதலில் கணினியில் பார்த்திருக்கிறார். எல்.டி.ஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளில் சுற்றை வரைந்து ஓட்டி, ஆர்.எம்.எஸ். மின்னழுத்தம் 6 வோல்ட், திறன் 3.6 வாட் என்று விளக்க அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்.

நான் அட்டையைப் பார்த்தேன். உச்சம் 12. பன்னிரண்டை 0.707-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எட்டரை. "என்னம்மா இது, 6 போட்டிருக்க?"

"சார், ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார். ஆறுதான் வருது."

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். புத்தகத்துல என்ன இருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. நானே சிவப்பு மையால் 6-ஐ அடித்து 8.5 என்றும், 3.6-ஐ அடித்து 7.2 வாட் என்றும் எழுதினேன். அடுத்த நாள் அழகாக மறுபடி எழுதிய அட்டையோடு வந்தார்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் ஒரு மின்பொறியாளர். பெட்டியைத் திறந்து பார்த்தார், பாராட்டினார். "பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குச்சு?" என்று கேட்டார். "இருபது மணி நேரத்துக்கு மேல சார்." அவர் அட்டையைப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. மொத்தம் 84 வாட் மணி. 7.2 வாட் எடுத்தால் 12 மணி நேரம்கூட வராது. "நீ எழுதினதுல ஒண்ணு தப்பா இருக்கணும். நேரமா, வாட்டா? எது?"

அந்தப் பெண் பின்னால் நின்றிருந்த என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு நடுவரிடம், "தெரியல சார்" என்றார்.

"எங்க சார்தான் மாத்தச் சொன்னாங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதும் எது தப்பு என்று தெரியாது என்பது உண்மை. ஆனால் மாற்றியது நான் என்று சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். புத்தகச் சூத்திரம் எதையும் தொடாமல், ஆற்றலை மட்டும் வைத்து. கம்பியில் மின்சாரம் ஓடும்போது 14.4 வாட். ஓடுவது கால் பங்கு நேரம். அப்படியானால் சராசரித் திறன் 3.6 வாட். அவ்வளவுதான், ஒரு வரி. 10 ஓமில் 3.6 வாட் தரும் நேர்திசை மின்னழுத்தம் எது? 36-இன் வர்க்கமூலம். ஆறு வோல்ட். பேட்டரிப் பக்கமிருந்து பார்த்தாலும் சராசரி மின்னோட்டம் 0.3 ஆம்பியர்; ஏழை 0.3-ஆல் வகுத்தால் 23 மணி நேரம். பழைய பேட்டரி இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கியதில் ஆச்சரியமே இல்லை. அந்த மாணவி எழுதிய இரண்டு எண்களும் சரி. நான் எழுதிய இரண்டும் தப்பு.

இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காக மின்சாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு மழையை எடுத்துக்கொள்கிறேன். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரில் என்ன ஆனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதே 49 சென்டிமீட்டர் ஒரு மாதத்துக்குப் பரவிப் பெய்திருந்தால் ஏரி நிறைந்திருக்கும், யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்காது. மாதச் சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். விளைவு ஒன்றல்ல. குறைந்த நேரத்தில் குவிந்து வருவது சராசரி காட்டுவதைவிட அதிக வேலை செய்கிறது.

மின்தடையிலும் அப்படித்தான். 3 வோல்ட்டை இடைவிடாமல் கொடுத்தால் அந்த 10 ஓம் கம்பியில் 0.9 வாட். 12 வோல்ட்டைக் கால் பங்கு நேரம் கொடுத்தாலும் சராசரி அதே 3 வோல்ட்தான், வெப்பமோ 3.6 வாட், நான்கு மடங்கு. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காவதுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு கணத்தின் மின்னழுத்தத்தையும் முதலில் இருமடியாக்கி, பிறகு சராசரி எடுத்து, கடைசியில் மூலம் காண வேண்டும். நம் தமிழ்ப் பெயரில் 'சராசரி' முதலில் நிற்பதால் பிள்ளைகள் பலர் முதலில் சராசரி எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சராசரியே திரும்பக் கிடைக்கும். இதைப் பலகையில் ஒரு முறை போட்டுக் காட்டாமல் விடாதீர்கள்.

இப்போது 0.707 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சைன் அலையை இருமடியாக்கிச் சராசரி எடுத்தால் உச்ச இருமடியில் பாதி வரும். பாதியின் மூலம் 0.707. அது சைன் அலைக்குச் சொந்தமான எண். மற்ற அலைகளிடம் அதை எடுத்துக்கொண்டு போக நமக்கு உரிமை இல்லை. விட்டு விட்டு வரும் துடிப்புக்கு, மின்சாரம் ஓடும் நேரத்தின் பங்கை எடுத்து அதன் வர்க்கமூலத்தால் உச்சத்தைப் பெருக்க வேண்டும். கால் பங்கின் மூலம் அரை. பன்னிரண்டில் அரை ஆறு.

இதில் ஒரு குழி இருக்கிறது. சரிபாதி நேரம் ஓடும் துடிப்பை எடுத்தால், அரையின் மூலம் மறுபடி 0.707. தப்பான சூத்திரம் சரியான விடையைக் கொடுத்துவிடும். சரிபார்க்கிறேன் என்று யாராவது 50 சதவீதத்தில் மட்டும் பார்த்தால் என்னைப் போலவே இன்னும் பத்து வருடம் நிம்மதியாக இருப்பார். கால், முக்கால் என்று எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கணினி. அந்த மென்பொருளின் மூதாதையான ஸ்பைஸ் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பெர்க்லியில் பிறந்தது. இன்றும் உலகம் முழுவதும் பொறியாளர்கள் அதன் வழிவந்தவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வேண்டியது ஒரு மின்னழுத்த மூலமும் ஒரு மின்தடையும் மட்டுமே. மூலத்தில் பல்ஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, கீழ்நிலை 0, மேல்நிலை 12, தாமதம் 0, ஏறும் நேரம் 1 மைக்ரோ செகண்ட், இறங்கும் நேரம் 1 மைக்ரோ செகண்ட், ஓடும் நேரம் 0.5 மில்லி செகண்ட், சுற்றுக் காலம் 2 மில்லி செகண்ட் என்று கொடுங்கள். கணக்குச் சுலபமாக இருக்க 490-ஐ 500 ஆக்கியிருக்கிறேன். ஏறும் நேரத்தைப் பூச்சியம் என்று போடத் தோன்றும். போடாதீர்கள், மென்பொருள் தானாக ஒரு சரிவை வைத்துக்கொள்ளும், செவ்வகத் துடிப்பு சரிவகமாகி எண் மாறிவிடும்.

10 மில்லி செகண்ட் ஓட்டுங்கள். வரைபடத்தின் மேலே உள்ள பெயரின்மேல், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் சராசரியும் ஆர்.எம்.எஸ்.ஸும் ஒரு சிறு பெட்டியில் வரும். 3, 6. ஏறும் நேரம், இறங்கும் நேரத்தால் மூன்றாவது தசமத்தில் சிறு வேறுபாடு இருக்கும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மென்பொருள் சொல்வதை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. திரையில் எவ்வளவு நேரம் தெரிகிறதோ அதற்குத்தான் அது கணக்குப் போடும். 10 மில்லி செகண்டில் ஐந்து முழுச் சுற்றுகள் இருந்தன, சரியான விடை வந்தது. 3 மில்லி செகண்டில் நிறுத்தினால் ஒன்றரைச் சுற்று. அதற்குள் துடிப்பு இரண்டு முறை வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடியதாக எடுத்துக்கொண்டு 6.93 என்று காட்டும். அரை மில்லி செகண்டிலிருந்து இரண்டு வரை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் சுழிக்கு அருகே காட்டும்! தப்பு கணினியுடையது அல்ல. எவ்வளவு நேரத்துக்கான சராசரி என்று நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான். முழுச் சுற்றுகளாக எடுக்க வேண்டும். முடியாவிட்டால் நிறைய சுற்றுகள் எடுக்க வேண்டும். ஐம்பது சுற்றுகளுக்கு மேல் இன்னொரு துடிப்பு மட்டும் கூடுதலாக, 100.5 மில்லி செகண்டில் நிறுத்தினால் 6.04 வரும். பிழை கரைந்துகொண்டே போவதை மாணவர்களே பட்டியல் போட்டுப் பார்க்கலாம். சராசரி என்பது எதன் சராசரி, எவ்வளவு நேரத்துச் சராசரி என்ற கேள்வியை வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு நேராகக் காட்ட முடிந்ததில்லை எனக்கு.

சரி, கணினி எதற்கு, மல்டிமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஆய்வகத்தில் இருந்த மஞ்சள் நிற மலிவு மீட்டரை எடுத்தேன். ஏ.சி. பக்கம் திருப்பி, துடிப்பைச் சரிபாதி நேரத்துக்கு வைத்துப் பார்த்தால், பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. பேட்டரியே 12 வோல்ட்! முனைகளை மாற்றி வைத்தால் சுழி. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. இந்த வகை மீட்டர் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு டையோடு வழியே விட்டு, அதன் சராசரியை அளந்து, வந்திருப்பது சைன் அலைதான் என்ற நம்பிக்கையில் 2.22-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதாவது நான் செய்த அதே தப்பு, மின்சுற்றாகவே உள்ளே இருக்கிறது.

ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் விலை கூடிய மீட்டரிலும் கவனம் வேண்டும். பெரும்பாலானவை ஏ.சி. பக்கத்தில் நேர்திசைக் கூறை வடிகட்டிவிட்டுத்தான் அளக்கும். நம் கால் பங்குத் துடிப்புக்கு 5.2 காட்டும். டி.சி. பக்கம் 3 காட்டும். இரண்டையும் இருமடியாக்கிக் கூட்டினால் 27-உம் 9-உம் சேர்ந்து 36, மூலம் 6. பைதாகரஸ் தேற்றம் மாதிரியே இருக்கிறதே என்று ஒரு மாணவர் சொன்னார்.

விலை கூடிய மீட்டர் இல்லாத பள்ளிக்கு ஒரு வழி இருக்கிறது. மலிவு மீட்டர்கூட டி.சி. பக்கத்தில் சராசரியை ஓரளவு சரியாகவே காட்டும். சுழிக்கும் ஓர் உச்சத்துக்கும் இடையே மட்டும் போய்வரும் துடிப்பாக இருந்தால், பேட்டரியின் மின்னழுத்தத்தையும் மீட்டர் காட்டும் சராசரியையும் பெருக்கி மூலம் எடுங்கள். 12 பெருக்கல் 3, முப்பத்தாறு, மூலம் ஆறு. பெருக்குச் சராசரி என்று கணக்கு ஆசிரியர் நடத்துகிறாரே, அதேதான். அவரையும் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் 12 வோல்ட் பேட்டரியோடு மட்டும். வீட்டு மின்விசிறி ரெகுலேட்டர்களில் சில வகைகளும் சைன் அலையை வெட்டித்தான் வேலை செய்கின்றன, அங்கேயும் 0.707 செல்லாது என்று சொன்னால், உடனே யாராவது ஒரு பையன் வீட்டில் போய் மீட்டரைச் செருகிப் பார்ப்பான். அது 230 வோல்ட், உச்சத்தில் 325. அதைத் தாளில் கணக்காகவே கொடுங்கள்: ஒரு ஹீட்டருக்குப் போகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் முதல் பாதியை வெட்டிவிட்டால் ஆர்.எம்.எஸ். எவ்வளவு? வெப்பம் பாதியாகும், ஆகவே 230-ஐ √2-ஆல் வகுத்து 163 வோல்ட் அளவில் வரும். தொகையிடல் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவரும், ஜூல் வெப்ப விதி தெரிந்தால் இதைச் சொல்லிவிடுவார்.

இப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை வேறு வரிசையில் நடத்துகிறேன். முதல் வகுப்பில் சைன் அலையே கிடையாது. பேட்டரி, கம்பி, விட்டு விட்டு வரும் துடிப்பு, வெப்பம். அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் உள்ள வருவித்தல். ஒரு பாடவேளை கூடுதலாக ஆகிறது, மறுக்கவில்லை. பொதுத்தேர்வு நெருக்கடியில் அது சிறிய விலை அல்ல என்பதும் தெரியும். ஆனால் தேர்வுக்கான அந்த வருவித்தலை எழுதும்போது பிள்ளைகள் இடையில் தடுமாறுவது குறைந்திருக்கிறது. அடுத்த வரி எதற்கு என்று அவர்களுக்குத் தெரிகிறது.

அந்த மாணவியிடம் கண்காட்சி முடிந்த திங்கட்கிழமையே, வகுப்பின் முன்னால், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பேருந்துச் சீட்டுக் கணக்கைப் பலகையில் போட்டேன். அவர், "பரவாயில்ல சார்" என்றார். பரிசு போய்விட்டது, அதை நான் திருப்பித் தர முடியாது. சிவப்பு மையால் நான் அடித்த பழைய அட்டையை வீட்டில் வைத்திருந்தார். கேட்டு வாங்கி எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வரும் மாணவர்கள் எல்லோரும், "யார் சார் இதை அடிச்சது?" என்று கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

முட்டைகள் பொரித்தனவா என்று முன்வரிசையில் ஒரு டீச்சர் கேட்கிறார். பன்னிரண்டு வைத்ததில் ஏழு பொரித்தன என்று பாட்டி கணக்குச் சொன்னாராம்.

இப்போது மடிக்கணினிகளைத் திறங்கள். ஒரு மேசைக்கு நான்கு பேர் உட்கார்ந்துகொள்ளுங்கள். சுற்றை வரைந்ததும் முதலில் 3 மில்லி செகண்ட் ஓட்டி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசையில் 10 மில்லி செகண்ட் ஓட்டுவார்கள். இரண்டையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசலாம்.